டான்ஸிங் ரோஸின் பரம்பரை

'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் அமேசான் பிரைமில் வந்தபோது தியேட்டர்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு செல்போனுக்கு நாலு தலை என்று குனிந்து உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு ஏரிக்கரையில் கபடி ஆட வந்த பசங்களில் ஒருத்தன்கூட கபிலன் மாதிரி குத்தவில்லை. எல்லாரும் ரோஸ். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து, முகத்தை முன்னால் நீட்டி, 'குத்து பாக்கலாம்' என்று பின்னால் துள்ளினார்கள். ஷபீர் கல்லரக்கல் நடித்த அந்தப் பாத்திரம் படத்தில் வருவது கொஞ்ச நேரம்தான். தோற்கவும் செய்கிறான். ஆனாலும் மீம், ஸ்டேட்டஸ், டீ-ஷர்ட் எல்லாம் அவனுக்குத்தான்.

இதே பசங்க பொங்கல் கபடியில் எப்படி இருப்பார்கள் தெரியுமா? ஒருத்தன் ரைடு போய், பாக் லைனை மிதித்துவிட்டு, யாரையும் தொடாமல் வினாடிகளை ஓட்டிவிட்டுத் திரும்பினால் போதும். 'கோடு தொடவாடா வந்த? ஆளத் தொடுறா!' என்று கிழித்துவிடுவார்கள். பாதுகாப்பாக ஆடுவது அவர்களுக்கு ஆட்டமே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, அடி வாங்காமல் நழுவுவதையே தொழிலாகக் கொண்ட ஒருத்தனை எப்படிப் பிடித்தது?

குத்துச்சண்டை உலகத்தின் பழைய சண்டை இது. அடித்து, அடிபட்டு, ரத்தம் சொட்ட ஆடுகிறவனுக்குக் கூட்டம். அடிபடாமல் ஆடத் தெரிந்தவனுக்குப் புள்ளி, கூடவே கொட்டாவியும் கூச்சலும். 2015 மே 2-ம் தேதி லாஸ் வேகாஸில் மேவெதரும் பாக்கியாவும் மோதியதைப் பார்க்க அமெரிக்காவில் 46 லட்சம் இணைப்புகள் காசு கொடுத்து வாங்கப்பட்டன. மேவெதர் மூன்று நடுவர்களின் அட்டையிலும் ஜெயித்தார். பாக்கியாவால் அவரைச் சரியாகத் தொடவே முடியவில்லை. கேட்டவரெல்லாம் சொன்னது ஒரே வார்த்தை: 'போர்'. 1993-ல் சான் ஆன்டோனியோவில் பெர்னல் விட்டேக்கர் கதை இன்னும் மோசம். அதுவரை தோற்றே அறியாத மெக்ஸிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸை வைத்துப் பாடமே நடத்தினார். இரண்டு நடுவர்கள் அதைச் சமன் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே கூட்டத்துக்கு ரத்தம்தான் வேண்டும், நுட்பம் புரியாது என்று சொல்லிவிடுவது வழக்கம். குத்துச்சண்டை ரசிகர்களில் கொஞ்சம் படித்தவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. காரணம் நம்ம ஊர்ச் சொல் ஒன்று.

வட சென்னையில் அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்துக்கு 'ரோஷமான குத்துச்சண்டை' என்று பெயர். ஆங்கிலேயர் வழியாக வந்த விளையாட்டு. துறைமுகத்திலும் கடலிலும் உழைத்தவர்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று பிரித்துக்கொண்டார்கள். வாத்தியார், சிஷ்யன், எதிர்ப் பரம்பரை என்று ஒரு முழு உலகம். கித்தேரி முத்து போன்றவர்களின் பெயர் இன்றைக்கும் அங்கே மரியாதையோடு சொல்லப்படுகிறது. சிலம்பத்தையும் கர்நாடக சங்கீதத்தையும் போல, ஆள் ஆளாகக் கைமாறி வந்த வித்தை. அதற்கு அவர்கள் வைத்த அடைமொழி வீரமும் இல்லை, பலமும் இல்லை. ரோஷம்.

ரோஷம் என்றால் அடி வாங்குவது என்று அர்த்தம் இல்லை. நிறைய அடிப்பதும் இல்லை. இன்னொருத்தன் முன்னால் நான் தாழ்ந்துவிட மாட்டேன் என்பதும், முடிந்தால் அவனைத் தாழ்த்திக் காட்டுவேன் என்பதும்தான் ரோஷம். அது எப்போதும் ஓர் ஆளைப் பார்த்துப் பேசுவது. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ரோஸ் செய்வது வேறு மாதிரி தெரிகிறது. அவன் குத்திலிருந்து தப்பிக்கவில்லை. 'உன் குத்து இவ்வளவுதானா' என்று எல்லார் முன்னாலும் எதிராளியைக் கேட்கிறான். கபிலனுக்கு விலாவில் விழுவதைவிட மானத்தில் அதிகம் விழுகிறது. ஏரிக்கரைப் பசங்களுக்குப் பிடித்தது அதுதான். பாக் லைனைத் தொட்டுவிட்டு வருகிறவன் எதிராளியிடம் எதுவும் சொல்வதில்லை. ஸ்கோர் போர்டிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறான்.

ரோஸுக்கு இடியப்ப பரம்பரை என்று படம் சொல்கிறது. உண்மையான பரம்பரை வேறு. படம் வந்த அன்றே பாக்ஸிங் பார்க்கிறவர்கள் சொன்ன பெயர் 'பிரின்ஸ்' நசீம் ஹமீது. ஏமனிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளை, 1974-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். கயிற்றின் மேல் குட்டிக்கரணம் அடித்து ரிங்குக்குள் வருவார். கையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு ஆடுவார். 1995-ல் கார்டிஃப் நகரில், ஸ்டீவ் ராபின்சனின் சொந்த ஊரில், அவருடைய ஆட்களின் கூச்சலுக்கு நடுவே அவரைக் கேலிப்பொருளாக்கிப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஹமீதுக்கும் ஒரு வாத்தியார் உண்டு: பிரெண்டன் இங்கிள். டப்ளினிலிருந்து வந்து ஷெஃபீல்டில் தங்கிவிட்ட அயர்லாந்துக்காரர். ஷெஃபீல்டு இரும்பாலை நகரம். அங்கே விங்கோபேங்க் என்ற தொழிலாளர் பகுதியில் அவருடைய ஜிம். பஸ்ஸில் போகும்போது தெருவில் ஒரு பொடியன் மூன்று பேரைச் சமாளித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததாகவும், அவன்தான் ஹமீது என்றும் இங்கிள் சொன்னதுண்டு. ஜிம்மின் தரையில் கோடுகள் வரைந்திருக்கும். நேற்று வந்த பையனும் சாம்பியனும் அதே கோடுகளின் மேல், அதே வரிசையில், முன்னும் பின்னும் காலடி வைத்துப் பழக வேண்டும். சிலம்பம் பார்த்த கண்ணுக்கு இது புதிதே இல்லை. இன்னொரு விதியும் உண்டு: அங்கே பயிற்சிச் சண்டையில் உடம்பில்தான் குத்தலாம், தலையில் தொடக் கூடாது. இந்த விதியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹமீதுக்கு முன்னால் அதே ஜிம்மின் அண்ணன் ஹெரால் கிரஹாம். எனக்கு இந்தப் பரம்பரையிலேயே பிடித்த ஆள் இவர்தான். தொழிலாளர்கள் குடிக்க வரும் கிளப்புகளுக்கு இங்கிள் இவரைக் கூட்டிக்கொண்டு போவார். கிரஹாமின் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டு, 'இவன் முகத்தில் யாராவது ஒரு குத்து விடுங்கள், காசு தருகிறேன்' என்று சவால் விடுவார். நாள் முழுக்க உலையில் வெந்துவிட்டு வந்த ஆட்கள், ஒவ்வொருவராக எழுந்து வந்து காற்றைக் குத்திவிட்டுப் போவார்கள். பார்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். நுட்பம் கூட்டத்துக்குப் புரியாது என்று யார் சொன்னது? மேடை ரிங்கிலிருந்து மதுக்கடைக்கு வந்ததும் அதே தற்காப்பு காசு கொடுத்துப் பார்க்கும் வேடிக்கையாகிவிட்டது. ஏனென்றால் அங்கே குத்த வந்தது பக்கத்து நாற்காலிக்காரன்.

அர்ஜென்டினாவில் இதையே இன்னும் பெரிய அளவில் செய்தவர் நிகோலினோ லோச்சே. 'தொட முடியாதவன்' என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். 117 வெற்றிகளில் 14 மட்டுமே நாக்-அவுட். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைக்கு எந்த டிவி கம்பெனியிடம் போனாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் புவெனஸ் ஐரெஸின் லூனா பார்க் அரங்கம் அவர் ஆடும் நாளில் நிரம்பி வழிந்தது. எதிராளிக்கு முன்னால் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்று, கழுத்தை மட்டும் அசைத்துக் குத்துகளைக் கழிப்பார். 1968 டிசம்பரில் டோக்கியோவில் பால் ஃபூஜியிடமிருந்து உலகப் பட்டத்தைப் பிடுங்கிய விதம் இது: ஒன்பது ரவுண்டு காற்றைக் குத்திய ஃபூஜி பத்தாவது ரவுண்டுக்கு நாற்காலியை விட்டு எழவே இல்லை. மனசு உடைந்துபோனது என்று தமிழில் சொல்வோமே, கிட்டத்தட்ட அது.

விதிகள் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே இல்லை. தொழில்முறை குத்துச்சண்டையில் ரவுண்டுக்குப் பத்துப் புள்ளி முறை. சுத்தமான குத்து, பயனுள்ள தாக்குதல், ரிங்கை ஆளுவது, தற்காப்பு என்று நான்கையும் பார்க்கச் சொல்கிறது. தற்காப்பு கடைசியில் நிற்கும் ஒப்புக்குச் சப்பாணி. ஒலிம்பிக்ஸில் வேறு கூத்து. 1988-ல் சியோலில் ராய் ஜோன்ஸை மூன்றுக்கு இரண்டு என்று கொரியக்காரரிடம் தோற்கடித்த அநியாயத்துக்குப் பிறகு, 1992-லிருந்து கம்ப்யூட்டர் வந்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரு வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. விளைவு என்ன? பொத்தானுக்குத் தெரியும்படி ஒற்றைக் குத்தைத் தட்டிவிட்டு, கையை மூடிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். எதை அளக்கிறோமோ அதுதான் கிடைக்கும். என்னுடைய துறையிலும் இதே கதைதான்: சர்வர் விழாமல் பார்த்துக்கொண்டவனுக்கு அப்ரைசலில் என்ன எழுதுவது என்று எந்த மேனேஜருக்கும் தெரியாது, விழுந்த சர்வரை ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கி நிறுத்தியவனுக்கு விருது. 2013-ல் கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுத் தொழில்முறையின் பத்துப் புள்ளிக்கே போனார்கள். அதோடு ஆண்களின் தலைக்கவசத்தையும் கழற்றினார்கள்.

விதியைத் திருத்துவதில் தப்பில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டே அதற்குச் சாட்சி. முதலாம் பராந்தகன் காலத்தில் 919-ல் குடவோலைக்கு ஓர் ஏற்பாடு செய்து, இரண்டே வருஷத்தில், 921-ல், அதைத் திருத்திக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் வெர்ஷனில் பக் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கபடியும் திருந்தியது. புரோ கபடி வந்த பிறகு, தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு வந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். கோடு தொட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அதோடு சங்கு. கபடிக்கு இது நல்லது செய்தது என்றுதான் நினைக்கிறேன். கபடியில் 'அவுட்' ஆனவன் வெளியே உட்கார்ந்து தண்ணி குடித்துவிட்டுத் திரும்ப வருவான். குத்துச்சண்டையில் அப்படி இல்லை.

1928-ல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், பழைய குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் நாக்குக் குழறலையும் மூளைச் சேதம் என்று மருத்துவ இதழில் எழுதினார். இது அதிகம் யாருக்கு வருகிறது என்பதையும் அவரே குறித்திருந்தார்: ஒரு குத்து விடுவதற்காகத் தலையில் எத்தனை வாங்கவும் தயாராக இருக்கிறவர்களுக்கு. கூட்டத்துக்கு மிகவும் பிடித்த ஆட்கள், அவர்களேதான். இங்கிளின் ஜிம்மில் தலையைத் தொடக் கூடாது என்ற விதிக்கு இப்போது வேறு எடை வருகிறது. வட சென்னை ரிங்கில் ஏறியவர்களுக்கும் மறுநாள் காலையில் மூட்டை தூக்கவோ கடலுக்குப் போகவோ அதே உடம்புதான் வேண்டும். அடிபடாமல் ஆடுவது அந்த ஆட்களுக்கு அழகியல் பிரச்சினை மட்டும் இல்லை.

கூட்டத்துக்கு ரோஷமும் வேண்டும், தலைக்குச் சேதாரமும் ஆகக் கூடாது. ரோஸின் பரம்பரை கண்டுபிடித்த வழி இது என்று சொல்லத் தோன்றும். ஆனால் எதிராளியை அவமானப்படுத்த வேண்டும் என்றால் கையை இறக்க வேண்டும், தாடையை நீட்ட வேண்டும். 1990 நவம்பரில் ஸ்பெயினில், காலியாக இருந்த உலகப் பட்டத்துக்காக கிரஹாம் ஜூலியன் ஜாக்சனோடு மோதினார். மூன்று ரவுண்டு ஜாக்சனை வைத்து விளையாடினார். ஜாக்சனின் கண் வீங்கி மூடிக்கொண்டது. இன்னும் ஒரு ரவுண்டுதான் அனுமதி என்ற நிலை. கிரஹாம் சும்மா நழுவிக்கொண்டிருந்தாலே பட்டம் கைக்கு வந்திருக்கும். முடித்துவிடலாம் என்று உள்ளே போனார். ஜாக்சனின் வலது கை ஒரே ஒரு தடவை வந்தது. கிரஹாம் கீழே விழுவதற்கு முன்பே நினைவிழந்துவிட்டார். அவர் கடைசி வரை உலக சாம்பியன் ஆகவில்லை. ஹமீதைத் தோற்கடித்ததும் யாரோ பெரிய வித்தைக்காரன் இல்லை. ரத்தக்களரிக்குப் பேர் போன மெக்ஸிகோவின் மார்கோ அன்டோனியோ பர்ரேரா, 2001 ஏப்ரலில், தள்ளி நின்று பன்னிரண்டு ரவுண்டு நிதானமாக ஆடி முடித்தார். ரோஷம் ஹமீதிடம் மட்டும் இருந்தது.

இந்தப் பரம்பரைக்கெல்லாம் மூத்தவர் அலி. அறுபதுகளில் காலால் ஆடியவர், கையைத் தொங்கப் போட்டவர். தடையால் 1967-லிருந்து மூன்றரை வருஷம் ஆட முடியாமல் போய், திரும்பி வந்தபோது அந்தக் கால்கள் இல்லை. 1974 அக்டோபர் 30-ம் தேதி கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு எதிராகக் கயிற்றில் சாய்ந்து நின்று, வாங்கிக்கொண்டே, 'இவ்வளவுதானா ஜார்ஜ்' என்கிற மாதிரி காதில் பேசிக்கொண்டே இருந்தார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் விழுந்தார். ரோஷமான தற்காப்பு என்றால் உலகத்திலேயே அதுதான் உச்சம். ஆனால் நழுவும் தற்காப்பு இல்லை அது, வாங்கும் தற்காப்பு.

அந்த அலி 1980-ன் தொடக்கத்தில் மெட்ராஸ் வந்தார். ஓய்வு அறிவித்திருந்த சமயம். நேரு ஸ்டேடியத்தில் பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்து நிற்கும் படம் இன்றைக்கும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. பரம்பரைக்காரர்களின் ஊரில், அந்தக் காலடியைத் திரையிலும் பத்திரிகையிலும் மட்டுமே பார்த்திருந்தவர்கள் நேரில் பார்த்தார்கள்.

அதே வருஷம் அக்டோபர் 2-ம் தேதி, ஓய்வை விட்டுவிட்டு, லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸுக்கு எதிராக ஏறினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்கே பயிற்சித் துணையாக இருந்தவர். குத்துகளைக் கழிக்கக் கழுத்து நகரவில்லை, கால் நகரவில்லை. நடுவரைப் பார்த்து நிறுத்தச் சொல்லி ஹோம்ஸே சைகை காட்டிய ரவுண்டுகள் உண்டு. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் வாத்தியார் ஆஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். அந்தப் பத்து ரவுண்டிலும் அலி ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை. 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள்.