விளிம்பில் எழுதப்படும் திருத்தம்: பிறப்புப் பதிவேடும் இந்தியரின் வயதும்

1869ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் நான்கு இந்தியர்கள் தேறினர். ரமேஷ் சந்திர தத், பிஹாரி லால் குப்தா ஆகியோரின் பெயர்கள் தடையின்றிப் பட்டியலில் நின்றன. சுரேந்திரநாத் பானர்ஜி, ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர் ஆகியோரின் பெயர்கள் நீக்கப்பட்டன. காரணம் வயது. 1848 நவம்பரில் பிறந்த பானர்ஜி, 1863இல் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியபோது தம் வயதை 16 எனக் குறித்திருந்தார். நிறைந்த ஆண்டுகளையே வயதாகக் கொண்ட தேர்வு ஆணையர்கள், அக்கணக்கின்படி அவர் 21 என்னும் உச்ச வரம்பைக் கடந்துவிட்டார் என்று முடிவு செய்தனர். பானர்ஜியின் விளக்கம் எளியது: 15 நிறைந்து 16 நடக்கும் பிள்ளைக்கு வங்க வழக்கில் வயது 16. (தமிழ் வீடுகளில் ‘பதினாறு நடக்கிறது’ என்பதும் இதே கணக்குத்தான்.) அவர் இலண்டனில் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தை நாடினார், இருவரும் மீண்டும் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

இவ்வழக்கு பெரும்பாலும் இனப் பாகுபாட்டின் சான்றாகவே நினைவுகூரப்படுகிறது. அது தவறன்று. ஆயினும் இதில் கவனம் பெறாத ஒரு செய்தியும் உண்டு. 1848இல் ஓர் இந்துக் குழந்தையின் பிறப்பைக் குறித்துவைக்கும் அரசுப் பதிவேடு கல்கத்தாவில் இல்லை. எனவே, பதினைந்து வயதுச் சிறுவன் ஒரு தேர்வுப் படிவத்தில் எழுதிய எண்ணே அவனுடைய பிறப்புப் பதிவாக மாறிற்று. கல்விச் சான்றிதழில் உள்ள தேதியே பிறந்த தேதி என்னும் இந்திய நிர்வாக வழக்கம் நெடுங்காலம் நீடித்ததற்கு அடிப்படை இந்த வெற்றிடமே.

பின்னர் வந்த பதிவேடுகள் இவ்வெற்றிடத்தை நிரப்பினவா என்றால், முழுமையாக இல்லை. வங்காளத்தில் 1873ஆம் ஆண்டுச் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டமும் பிறப்பு இறப்புப் பதிவை ஒழுங்குபடுத்தின. இவற்றைச் செலுத்திய முதன்மையான அக்கறை பொதுச் சுகாதாரம். ஓர் ஊரில் எத்தனை பேர் பிறந்தனர், காலராவிலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் மடிந்தனர் என்பதே அரசுக்கு வேண்டியிருந்தது. பிறந்தது இன்னார் என்பது அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. தெற்கே கிராம முன்சீபு எழுதினார். வடக்கே சௌகிதார் காவல் நிலையத்துக்குத் தகவல் கொண்டுசென்றார். தந்தையின் பெயர், சாதி, ஆணா பெண்ணா என்பவற்றோடு பதிவு முடிந்துவிடுவது வழக்கமாயிற்று. பெயர் சூட்டும் சடங்குக்கு முன்பே பதியப்பட்ட குழந்தைக்கு எழுதப் பெயரும் இல்லை. எண்ணிக்கைக்கென வகுக்கப்பட்ட ஏடு, பின்னாளில் தனிமனிதரின் அடையாளத்துக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டது. இன்றைய திருத்த மனுக்களில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் உள்ளது.

அந்தச் சாட்சியம் எவ்வளவு நொய்மையானது என்பதை உச்ச நீதிமன்றம் பிரிஜ் மோகன் சிங் வழக்கில் (1965) எதிர்கொண்டது. பீகாரில் ஒரு வேட்பாளர் 25 வயதை எட்டினாரா என்பது கேள்வி. சான்றாக வந்தது சௌகிதாரின் கைக்குறிப்பேடு. எழுதப் படிக்கத் தெரியாத சௌகிதாருக்காக வேறொருவர் எழுதிய வரியை, அரசு ஊழியர் தம் கடமையின்போது எழுதிய பதிவாகக் கொள்ள இயலாது என நீதிமன்றம் கூறியது. பள்ளியில் சேர்க்கும்போது, பிற்கால அரசுப் பணியில் ஆதாயம் கிடைக்கும் என்று கருதிப் பொய் வயது தருவது நடைமுறையில் உண்டு என்பதையும் அது குறிப்பிட்டது. ஆக, ஊர் ஏடும் ஐயத்துக்குரியது. பள்ளி ஏடும் ஐயத்துக்குரியது.

பிழையை எவ்வாறு திருத்துவது என்பதில் மட்டும் சட்டம் வியப்பூட்டும் உறுதியுடன் இருந்துவந்துள்ளது. பெரும்பாலும் ஐரோப்பியரையும் கிறித்தவரையும் கருதி இயற்றப்பட்ட 1886ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, மூலப் பதிவை மாற்றாமல், விளிம்பில் திருத்தம் எழுதிப் பதிவாளர் ஒப்பமும் தேதியும் இடவேண்டும் என்றது. நாடு முழுமைக்குமான 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதே வாய்பாட்டை ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் ஏற்றது. எழுத்துப் பிழையாயின் பதிவாளரே விசாரித்துத் திருத்தலாம். பொருட்பிழையாயின் உண்மை அறிந்த நம்பகமான இருவரின் உறுதிமொழி வேண்டும். மோசடி என்று தோன்றினால் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பவேண்டும். எந்நிலையிலும் பழைய வரி அழிக்கப்படுவதில்லை. வரலாற்று ஆய்வாளருக்கு இது பெரும் கொடை. பிழையும் திருத்தமும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கின்றன. மனுதாரருக்கோ, தவறான வரி தம்மோடு என்றென்றும் வாழ்கிறது.

பெயர் சேர்ப்பது திருத்தத்தினின்று வேறானது. அதற்கு 14ஆம் பிரிவு உண்டு. பெயரின்றிப் பதியப்பட்ட குழந்தையின் பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். வெற்றிடத்தை நிரப்புவது பிழை திருத்துவதன்று என்பதால், இங்கு விளிம்புக்கு வேலையில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் பெயர் சேர்க்கச் சென்று திருத்த மனுவோடு அலைபவர் பலர்.

பதிவேடு பிழையின்றி இருப்பினும் பணிப்பதிவு அதனோடு இணங்கவேண்டும் என்பதில்லை. நடுவண் அரசு ஊழியர் தம் பிறந்த தேதியைத் திருத்தக் கோருவதாயின் பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கோரவேண்டும் என்று 1979இல் விதி வந்தது. ஓய்வு நெருங்கும்போது இளமை திரும்பும் விந்தைக்கு அது கடிவாளம். தரைப்படைத் தலைமைத் தளபதி வி. கே. சிங்கின் வழக்கு இதன் உச்சம். மெட்ரிகுலேஷன் சான்றிதழில் 1951. தேசியப் பாதுகாப்புக் கழக விண்ணப்பத்தில் 1950. படையின் ஒரு கிளை ஓர் ஆண்டையும் மற்றொரு கிளை மற்றோர் ஆண்டையும் பல பத்தாண்டுகள் பேணி வந்தன. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வினா அவர் உண்மையில் எப்போது பிறந்தார் என்பதன்று, பணிப்பதிவு எத்தேதியை ஏற்றுள்ளது என்பதே என்றது. மனு திரும்பப் பெறப்பட்டது. மே மாத இறுதியில் அவர் ஓய்வுபெற்றார். பானர்ஜியை வீழ்த்தப் பார்த்ததும் இளம் வயதில் நிரப்பிய ஒரு படிவம். தளபதிக்கு எதிராக நின்றதும் அத்தகைய ஒரு படிவமே.

இவ்வரிசைமுறை அண்மையில்தான் தலைகீழாகிறது. 2021இல் ஜிக்யா யாதவ் வழக்கில், பொது ஆவணங்களுக்கு ஏற்பத் தேர்வு வாரியம் தன் சான்றிதழைத் திருத்த இடமளிக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மேலும் சென்றது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி முதலிய அனைத்துக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஒரே ஆவணம் பிறப்புச் சான்றிதழே. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய ஆணையிடும் அதிகாரமும் முதல்வகுப்பு நீதித்துறை நடுவரிடமிருந்து மாவட்ட, கோட்ட நிர்வாக நடுவரிடம் சென்றது.

முன்பு பள்ளித் தலைமையாசிரியர் ஊகித்து இட்ட தேதியோடு ஒருவர் வாழ்ந்துவிட முடிந்தது. ஓர் ஏடு பொய்த்தால் இன்னோர் ஏடு கைகொடுத்தது. இனி அம்மாற்று ஏடு இல்லை. ‘பெயர் சூட்டப்படவில்லையெனில் விடுக’ என்னும் கட்டமோ பதிவுப் படிவத்தில் இன்னும் இருக்கிறது. 2023இல் அக்கட்டம் வெறுமையாக விடப்பட்ட குழந்தைகளுக்கு 15 ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.