குறுக்கே நின்றது எது? வீட்டுக் கர்ப்பப் பரிசோதனை உருவான வரலாறு

நாள் தள்ளிப்போன பெண் இன்று மருந்துக்கடையில் ஒரு கார்டு வாங்கி, ஐந்து நிமிடத்தில் சேதியைத் தானே தெரிந்துகொள்கிறாள். அறிவியல் வளர்ந்ததும் இந்த வசதி தானாக வந்து சேர்ந்தது என்பதுபோல் பொதுவாக எழுதப்படுகிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. மிருகம் தேவைப்படாத சோதனைக்குழாய் முறை 1960இலேயே வந்துவிட்டது. அமெரிக்கப் பெண்ணின் கைக்கு அது வந்தது 1970களின் பிற்பகுதியில்தான். இடையில் குறுக்கே நின்றது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கோதுமை, பார்லி விதைகள்மீது சிறுநீர் கழித்து முளைக்கிறதா என்று பார்த்த எகிப்தியரை விட்டுவிடலாம். நவீன வரலாறு 1920களின் இறுதியில், பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் தொடங்குகிறது. செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்டு சோண்டெக் என்ற இருவர், பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்குச் சில நாள் ஊசியாகச் செலுத்தி, பிறகு எலிகளைக் கொன்று சினைப்பையைப் பார்த்தார்கள். அதில் இரத்தப் புள்ளிகள் தெரிந்தால் அந்தப் பெண் கர்ப்பிணி. இதற்குக் காரணமான ஹார்மோன் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவதாக அவர்கள் நினைத்தார்கள். அது நஞ்சுக்கொடியில் சுரக்கும் எச்.சி.ஜி. என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. காரணத்தைத் தவறாகக் கணித்தும் சோதனை சரியாகவே வேலை செய்தது. யூதர்களான இருவரும் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது.

அமெரிக்காவில் மோரிஸ் ஃப்ரீட்மன் எலிக்குப் பதில் முயலைக் கொண்டுவந்தார். ‘முயல் செத்தால் கர்ப்பம்’ என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. உண்மையில் முடிவு எதுவானாலும் முயல் அறுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க நகத்தவளைக்கு இந்தக் கதி இல்லை. லான்ஸ்லட் ஹாக்பென் கேப் டவுனில் தொடங்கிய ஆய்வுகளின் வழியே வந்த அந்த முறையில், ஊசி போட்ட தவளை ஒரு நாளைக்குள் முட்டையிட்டால் கர்ப்பம் உறுதி. அதே தவளையைச் சில வாரம் கழித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் கூண்டு, தொட்டி, ஊசி, ஆய்வகம் என்று ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. எடின்பரோவில் 1929இல் தொடங்கிய பரிசோதனை நிலையத்துக்குச் சிறுநீர் தபாலில் வந்தது. ஆனால் அனுப்ப வேண்டியவர் மருத்துவர்; முடிவும் அவருக்கே போனது. யாருடைய உடலைப் பற்றிய சேதியோ, அவளுக்கு அது கடைசியாகத்தான் கிடைத்தது. ஆய்வகம் இருக்கும்வரை இதை நடைமுறைத் தேவை என்று சொல்லிவிட முடிந்தது.

1960இல் ஸ்வீடனில் லெய்ஃப் விடே, கார்ல் கெம்ஸெல் ஆகியோர் அந்தச் சாக்கையும் இல்லாமல் ஆக்கினார்கள். எச்.சி.ஜி. பூசிய ஆட்டு இரத்தச் சிவப்பணுக்கள், அதற்கு எதிரான எதிர்ப்பொருள், சில துளி சிறுநீர், ஒரு கண்ணாடிக் குழாய்: இவ்வளவுதான். சிறுநீரில் ஹார்மோன் இருந்தால் எதிர்ப்பொருள் அதனுடன் பிணைந்துகொள்ளும். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் குழாயின் அடியில் வளையமாகப் படியும். இரண்டு மணி நேரத்தில் முடிவு.

1967இல் நியூ ஜெர்சியில் ஆர்கனான் மருந்து நிறுவனத்தில் அழகுசாதனப் பொருள்களை வடிவமைக்கச் சேர்ந்திருந்தார் மார்கரெட் கிரேன் என்ற 26 வயதுப் பெண். ஆய்வகத்தில் வரிசையாகத் தொங்கிய கர்ப்பப் பரிசோதனைக் குழாய்களும், அவற்றின் அடியைக் காட்டக் கீழே வைத்திருந்த கண்ணாடியும் அவர் கண்ணில் பட்டன. இதை வீட்டிலேயே செய்யலாமே என்று தோன்றியது. மேசைமேல் இருந்த, பேப்பர் கிளிப் போடும் பிளாஸ்டிக் டப்பாவை மாதிரியாக வைத்து, குழாயையும் சாய்ந்த கண்ணாடியையும் அதற்குள் பொருத்தினார். நிர்வாகம் முதலில் ஒப்பவில்லை. ஆய்வகச் சோதனைகளை வாங்கும் மருத்துவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற வியாபாரக் கவலை ஒன்று. மணமாகாத பெண் முடிவைப் பார்த்துவிட்டு உயிரை விட்டால் பழி நிறுவனத்தின்மேல் விழுமே என்ற அச்சம் இன்னொன்று. பின்னர் திட்டம் நகர்ந்தபோது வடிவமைப்பை ஆண்களிடம் ஒப்படைத்தார்கள். குஞ்சமும் கல்லும் பதித்த அவர்களுடைய மாதிரிகளுக்கு நடுவே கிரேன் தம் டப்பாவையும் வைத்தார். தேர்வானது அதுதான். 1969இல் விண்ணப்பித்த காப்புரிமை 1971இல் கிடைத்தது. உரிமையை அவர் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தது ஒரு டாலருக்கு. அந்த டாலரும் கைக்கு வரவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

1971இல் கனடாவில் அந்தப் பெட்டி ‘பிரெடிக்டர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க அரசின் ஒப்புதல் 1976இல் கிடைத்தது. அதன் பிறகே ‘இ.பி.டி.’ போன்ற பெட்டிகள் கடைக்கு வந்தன. வீட்டில் செய்தால் முடிவு தவறலாம் என்று தயங்கிய மருத்துவர்களின் வாதம் முழுதும் வெற்றுரை அல்ல. அன்றைய பெட்டி ‘கர்ப்பம்’ என்று சொன்னால் 97 விழுக்காடு சரி. ‘இல்லை’ என்று சொன்னால் 80 விழுக்காடே சரி. குழாய் அதிராமல் இரண்டு மணி நேரம் இருக்கவும் வேண்டும். ஆனால் நுட்பக் குறைக்கு மருந்து இன்னும் நல்ல சோதனையும் தெளிவான குறிப்பும்தான். பெண்ணிடமிருந்து சேதியை மறைப்பது அதற்குத் தீர்வாகாது. 1960க்குப் பிந்தைய இந்த 16 ஆண்டுக்கும் மேலான தாமதத்தில் பெரும்பங்கு மனப்போக்கைச் சேர்ந்தது என்பதே என் முடிவு.

துல்லியம் வேறு பாதையில் வந்தது. எச்.சி.ஜி.யும் எல்லாப் பெண்களிடமும் சுரக்கும் எல்.எச். ஹார்மோனும் அமைப்பில் பாதி ஒன்றே. அதனால் பழைய சோதனைகள் குழம்பின. 1972இல் ஜூடித் வைடுகைடிஸ், கிளென் பிரான்ஸ்டீன், கிரிஃப் ராஸ் மூவரும் எச்.சி.ஜி.க்கே உரிய ‘பீட்டா’ பகுதியை மட்டும் இனம்காணும் முறையை வெளியிட்டார்கள். 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உருவாக்க வழி கண்டார்கள். இரண்டும் சேர்ந்தே 1988இல் ‘கிளியர்புளூ’வின் ஒரே படிச் சோதனையைச் சாத்தியமாக்கின. இன்று நம் கடைகளில் கிடைக்கும் பல கார்டுகளில் தெரியும் இளஞ்சிவப்புக் கோடு உண்மையில் தங்கம்: எதிர்ப்பொருளில் ஒட்டிய மிக நுண்ணிய தங்கத் துகள்கள் அந்த நிறத்தில் தெரிகின்றன.

கிரேனுக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1971இல்தான் இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. கெடு வைக்கும் சட்டத்தில் முன்கூட்டி அறிவதே பாதி உரிமை. ஆஷா பணியாளர்கள் வழியே ‘நிஷ்சய்’ கார்டை அரசு இலவசமாகத் தருவதை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

பயன்படுத்துவோருக்குச் சில சொற்கள். கரு கருப்பையில் பதிந்த பிறகே எச்.சி.ஜி. சுரக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகிறது. ஆகவே நாள் தள்ளும் முன் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்ப வேண்டாம். சில நாள் கழித்துக் காலை முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் ‘சி’ கோடு விழாத கார்டு செல்லாது. குறித்த நேரம் கடந்து தோன்றும் மங்கல் கோட்டைக் கணக்கில் கொள்ளாதீர்கள். கருத்தரிப்புச் சிகிச்சைக்கு எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் கர்ப்பம் இல்லாமலேயே இரண்டு கோடு வரலாம். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தாலும் அதே இரண்டு கோடுதான் விழும். கார்டு இடத்தைச் சொல்லாது. நாள் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்று வலியோ இரத்தப்போக்கோ இருந்தால், கார்டில் எத்தனை கோடு இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.