வெள்ளிக் கடப்பு: 1761, 1769 அவதானிப்புகள் ஒப்பிடப்பட்ட வரலாறு

வெள்ளிக் கோள் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே நேர்கோட்டில் வரும்போது, சூரிய வட்டத்தின் மீது சிறு கரும்புள்ளியாக நகர்ந்து செல்வது வெள்ளிக் கடப்பு எனப்படும். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு கடப்புகள் நிகழ்ந்தபின், அடுத்த இணைக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1761, 1769 ஆகிய ஆண்டுகளின் கடப்புகளைக் கொண்டு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைக் கணிக்க வானியலாளர்கள் முயன்றனர். இதற்கு ஓரிடத்து அளவீடு மட்டும் பயன்படாது. தொலைவில் உள்ள இன்னோர் இடத்தின் அளவீட்டோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு.

முதல் பதிவு

1639இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரமையா ஹொராக்ஸ் ஒரு கடப்பை முன்கூட்டியே கணித்து, அதைக் காணுமாறு நண்பர் வில்லியம் கிராப்ட்ரிக்குக் கடிதம் எழுதினார். இருவரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து அதைக் கண்டனர். ஹொராக்ஸ் 1641இல் இறந்தார். அவரது கட்டுரையை 1662இல்தான் டான்சிக் நகர வானியலாளர் ஹெவேலியஸ் அச்சிட்டார். அக்காலத்தில் ஒரு கண்டுபிடிப்பு பிறரை அடைவது தனிக் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் நம்பியே இருந்தது.

ஒப்பிடும் முறைகள்

1716இல் எட்மண்ட் ஹேலி ஒரு முறையை வெளியிட்டார். வடக்கிலும் தெற்கிலும் இருந்து பார்ப்பவர்களுக்கு வெள்ளி சூரியன் மீது சற்றே வேறுபட்ட பாதைகளில் செல்வதாகத் தோன்றும். எனவே கடப்பு நீடிக்கும் நேரமும் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்து தொலைவைக் கணிக்கலாம். ஆனால் தொடக்கம், முடிவு இரண்டும் தெரியும் இடங்களுக்கே இம்முறை பொருந்தும்.

பிரான்சின் ஜோசப் நிக்கோலா டெலில் இன்னொரு வழியைக் கூறினார். தொடக்கம் அல்லது முடிவு, ஏதேனும் ஒன்றின் சரியான நேரம் போதும். ஆனால் அந்த இடத்தின் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கடப்பு எங்கெங்கே தெரியும் என்று காட்டும் உலக வரைபடத்தை 1760இல் வெளியிட்டு, பல நாட்டு வானியலாளர்களுக்கு அவர் அனுப்பிவைத்தார்.

போருக்கு நடுவே

1761இல் பிரிட்டனும் பிரான்சும் ஏழாண்டுப் போரில் எதிரெதிரே நின்றன. பிரிட்டனின் மேசன், டிக்சன் ஆகியோர் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக் கப்பல் தாக்கியது. அவர்கள் இறுதியில் நன்னம்பிக்கை முனையிலிருந்து கடப்பைக் கண்டனர். புதுச்சேரிக்குப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், ஊர் ஆங்கிலேயர் வசமானதால் கரை இறங்க முடியாமல் கடலில் இருந்தபடியே பார்த்தார். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் சரியாக ஓடாது என்பதால் அவரது பதிவு ஒப்பிட உதவவில்லை. 1769இல் அவர் புதுச்சேரியில் காத்திருந்தபோது மேகம் சூரியனை மறைத்தது.

ஆயினும் செய்திப் பரிமாற்றம் நிற்கவில்லை. சென்னையிலிருந்து வில்லியம் ஹர்ஸ்ட் அனுப்பிய 1761ஆம் ஆண்டுப் பதிவை லண்டன் ராயல் சொசைட்டி தன் இதழில் வெளியிட்டது. கலிபோர்னியா தீபகற்பத்தில் 1769 கடப்பைக் கண்ட ஷாப் அங்கேயே நோயால் இறந்தார். அவரது குறிப்புகள் பாரிசை அடைந்து 1772இல் அச்சாயின.

ஒப்பீட்டில் எழுந்த சிக்கல்கள்

எண்கள் ஒன்றுசேர்ந்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன. முதலாவது, பல இடங்களின் தீர்க்கரேகை சரியாகத் தெரியவில்லை. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைப் பல ஊர்களில் குறித்து ஒப்பிட்டே அது கணிக்கப்பட்டது. இரண்டாவது, வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொடும் கணத்தில் கருந்துளி போல நீண்டு ஒட்டிக்கொண்டதாகத் தோன்றியது. இதனால் அருகருகே நின்றவர்களும் வேறு வேறு நேரங்களைக் குறித்தனர். தாகித்தியில் தங்கள் பதிவுகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வேறுபட்டதை ஜேம்ஸ் குக் வெளிப்படையாகவே எழுதினார்.

1761 பதிவுகளிலிருந்து கிடைத்த தொலைவுகள் சுமார் 12.4 கோடி கிலோமீட்டர் முதல் 15.8 கோடி கிலோமீட்டர் வரை பரந்திருந்தன. 1769 பதிவுகள் இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்தன. 1771இல் தாமஸ் ஹார்ன்ஸ்பி கணித்தது ஏறத்தாழ 15.1 கோடி கிலோமீட்டர். இன்றைய மதிப்பு 14.96 கோடி கிலோமீட்டர்.

ஹெல் மீதான ஐயம்

1769இல் நார்வேயின் வடகோடியில் உள்ள வார்டோவில் மாக்சிமிலியன் ஹெல் முழுக் கடப்பையும் கண்டார். தெற்கே தாகித்தியின் பதிவோடு ஒப்பிட அது மிகவும் தேவைப்பட்டது. அவர் தம் எண்களை உடனே வெளியிடாததால், மற்றவர்களின் முடிவுகளைப் பார்த்துத் திருத்திவிட்டாரோ என்ற ஐயம் எழுந்தது. 1835இல் வியன்னாவின் கார்ல் லிட்ரோ, ஹெல்லின் கையேட்டில் வேறு நிற மையால் திருத்தங்கள் உள்ளன என்று குற்றம் சாட்டினார். அப்போது பதில் சொல்ல ஹெல் உயிரோடு இல்லை.

1883இல் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம்ப் வியன்னாவில் அதே கையேட்டை ஆராய்ந்தார். திருத்தங்கள் கடப்பைக் கண்ட காலத்திலேயே செய்யப்பட்டவை என்று முடிவுசெய்தார். லிட்ரோவுக்கு நிறக்குருடு இருந்ததும் தெரியவந்தது. இறந்து 91 ஆண்டுகள் கழித்து ஹெல்லின் பெயர் மீண்டது.

அடித்தல் திருத்தலோடு அந்தக் கையேடு அப்படியே பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் இது இயன்றது. பிற்காலத்தில் நியூகோம்ப் 1761, 1769 பதிவுகளை மீண்டும் கணக்கிட்டு, இன்றைய மதிப்பை ஒட்டிய முடிவைப் பெற்றார். முடிவை மட்டும் சொல்லாமல், கண்ட நேரம், இடம், கருவி, ஐயம் ஆகியவற்றையும் அன்றைய வானியலாளர்கள் எழுதிவைத்ததால் அவர்களது உழைப்பு நூறாண்டு கழித்தும் பயன்பட்டது.