மணியடித்தே களைத்த கணினி: லினக்ஸ் நெட்வொர்க் டிரைவரின் கதை

நெட்வொர்க் வேகம் குறைந்தால் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் லினக்ஸ் வரலாற்றில் பல முறை கோளாறு டிரைவரில்தான் இருந்திருக்கிறது.

1994-ல் நாசாவின் காடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் 16 சாதாரண கணினிகளை இணைத்து 'பியோவுல்ஃப்' கிளஸ்டரை உருவாக்கினர. அதற்கு ஒற்றை 10 மெகாபிட் ஈதர்நெட் போதவில்லை. பெக்கர் டிரைவர்களைத் திருத்தி, இரண்டு கார்டுகளை ஒன்றுபோல் இயங்க வைத்தார்.

பிறகு 100 மெகாபிட் வந்தது. மிகச் சிறிய பாக்கெட்டுகள் என்றால் நொடிக்குச் சுமார் 1,48,800 வரும். ஒவ்வொன்றுக்கும் கார்டு 'இன்டரப்ட்' என்ற மணியை அடிக்கும். பிராசசர் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு ஓடிவரும். நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டைக்கு முட்டை கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டால் கணக்கு எழுத நேரம் ஏது? ஆர்டிஎல்8139 போன்ற மலிவு கார்டுகளிலோ, பாக்கெட்டை வேறிடத்துக்கு நகலெடுக்கும் வேலையும் பிராசசர் தலையில்தான்.

2001-ல் ஜமால் ஹாடி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்நெட்சோவ் மூவரும் 'நாப்பி' முறையை முன்வைத்தனர். முதல் மணி அடித்ததும் மணியை நிறுத்திவிட வேண்டும். சேர்ந்ததை மொத்தமாக அள்ள வேண்டும். காலியான பிறகே மணிக்கு மீண்டும் அனுமதி. 30 முட்டை கொண்ட அட்டையாக எண்ணுவது போலத்தான். 2003-ல் வெளியான 2.6 கெர்னலில் இது இடம்பெற்றது. டிரைவர்கள் ஒவ்வொன்றாக இதற்கு மாறின.

கார்டை மாற்றாமலேயே பலருக்குச் சுமை குறைந்தது. காரணம், நிரல் திறந்திருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்தக் கெர்னல் மீது எழுந்ததுதான். சேலத்து மாணவரும் அந்த வரிகளைப் படிக்கலாம், தவறிருந்தால் திருத்தி அனுப்பலாம்.