முடக்குவாதம்

முடக்குவாதம் (சரவாங்கி): உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட அழற்சி நோய். பிரெஞ்சு மருத்துவர் லாந்ரே-போவே 1800இல் இதனை விவரித்தார். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது.

அறிகுறிகள்: விரல், மணிக்கட்டு, பாத மூட்டுகளில் இருபுறமும் வீக்கம், வலி, காலையில் நெடுநேரம் நீடிக்கும் இறுக்கம், சோர்வு. நெடுங்கால உழைப்பாலும் முதுமையாலும் வரும் மூட்டுத் தேய்மானம் இதனின் வேறானது.

காரணங்கள்: தனியொரு காரணம் உறுதிப்படவில்லை. மரபணுச் சார்பு உள்ளவர்களிடம் புகைபிடித்தல், சிலிக்கா தூசு, ஈறுநோய், உடற்பருமன் ஆகியவை நோயைத் தூண்டக்கூடும். இது தொற்றாது. 2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பின் சிலருக்கு நீடித்த மூட்டழற்சி, முடக்குவாதத்தைப் போலவே தோன்றுவதால் இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் மதிப்பீடும் தேவை.

சிகிச்சை: முழுமையாகக் குணமாக்க இயலாவிடினும் கட்டுப்படுத்தலாம். மெத்தோட்ரெக்சேட் முதன்மை மருந்து. வாரம் ஒருமுறை மட்டுமே, மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும். முடக்கத்தான் கீரை நல்ல உணவு. ஆனால் மருந்துக்கு ஈடாகாது. சிகிச்சையைத் தாமதித்தால் மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிவிடக்கூடும்.

கடலூர் மாவட்டத்தில் சிகிச்சை பெற: சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி, இன்று மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக உள்ளது. அண்டையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரில் நோயெதிர்ப்பியல் தனித்துறை இயங்குகிறது. மூட்டு வீக்கம் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரை அணுகுவதே மூட்டைக் காக்கும் வழி.