தீவிலிருந்து வந்த நீலப் பாய்

தரையோடு தரையாகப் படரும் ஜூனிபர் ரகங்களை நர்சரிக்காரர்களின் படைப்பு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அமெரிக்கத் தோட்டங்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் அவற்றைக் கண்டெடுத்தார்கள், பெருக்கினார்கள், பெயர் வைத்தார்கள். பெரும் பெருமைதான், ஆனால் வேறு பெருமை. கான்ராட் மோயென்ஷ் 1794-இல் ஜூனிபெரஸ் ஹரிசான்டாலிஸ் என்று பெயரிட்ட இந்தச் செடி, அலாஸ்காவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை மணலிலும் பாறையிலும் தானாக வளர்வது. மெய்ன் மாநிலக் கடலோரம் அதன் சுரங்கம். ‘பார் ஹார்பர்’ ரகம் அங்குள்ள ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது. அதே கடலோரத்து வைனல்ஹேவன் தீவில்தான், 1914-இல், ஜேக்கப் வான் ஹைனிங்கன் ஒரு செடியைக் கண்டார். கனெக்டிகட்டில் வில்டன் என்னும் ஊரில் இருந்த அவருடைய நர்சரியால் அது ‘வில்டோனி’ ஆயிற்று. கடைப்பெயர் ‘ப்ளூ ரக்’, நீலப் பாய்.

கடற்காற்று அழுத்தியதால்தானே அது படுத்துக் கிடந்தது, தோட்டத்து மண்ணில் நிமிர்ந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான ஐயம், மலையுச்சியில் குறுகி நிற்கும் எத்தனையோ மரங்கள் சமவெளிக்கு வந்ததும் உயர்ந்துவிடுகின்றன. ஆனால் முருங்கைப் போத்தைப் போலத் தண்டை நறுக்கி ஊன்றி, ஒரே தாய்ச்செடியிலிருந்து நூறாண்டாகப் பெருக்கப்பட்ட நீலப் பாய், காற்றே படாத முற்றத்திலும் ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்கு மேல் எழுவதில்லை. பக்கவாட்டில் மட்டும் இரண்டு மீட்டர் ஓடுகிறது. அந்தப் படுக்கை செடியின் பிறப்பிலேயே இருக்கிறது. காற்று அத்தகைய செடிகளை அங்கே வாழவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலியது. இல்லினாய் மாநிலம் டண்டியில் இருந்த ஹில் நர்சரி, ரஷ்யாவிலிருந்து 1930-களில் வரவழைத்த சபினா ஜூனிபர் விதைகளை முளைக்கவைத்து, அந்த நாற்றுகளிலிருந்து ‘பிராட்மூர்’, ‘ஆர்கேடியா’ முதலியவற்றைப் பொறுக்கியெடுத்தது. இது படைப்பு அல்லவா? அங்கும் வேறுபாட்டைத் தந்தது விதை. மனிதர் தந்தது கண். ஆனால் அந்தக் கண்ணின் மதிப்பை நான் குறைக்கமாட்டேன். ஒரே செடியின் நகல்களால் நிறைந்த தோட்டத்தில், அந்தச் செடியைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். இளந்தளிர்களைக் கருக்கும் ஃபோமாப்சிஸ் பூஞ்சை ஜூனிபர் பாத்திகளை அப்படித்தான் வாட்டியது. அதற்கு ஈடுகொடுத்து நின்றதே ரஷ்ய நாற்றுகளின் சிறப்பு.

ஆகவே ரகம் தேர்ந்தெடுப்பவர் நிறத்துக்கு முன்னால் பிறந்த இடத்தைக் கேட்பது நல்லது. நாள் முழுக்க வெயில் காயும், மழைநீர் நில்லாது வடியும் சரிவில் நீலப் பாய் தன் தீவை மீண்டும் காண்கிறது. நிழலிலும் ஈரம் தேங்கும் மூலையிலும் அதன் கிளைகள் உள்ளிருந்து பழுத்து வெறிச்சிடும்.