நன்கொடைக்காக மிதித்தவர்களும் வாழ்வதற்காக மிதித்தவர்களும்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டிப் பொதுக் காரியத்திற்குப் பணம் திரட்டும் வழக்கம் மேற்குலகில் வேரூன்றிய ஆண்டு என்று 1980ஐச் சொல்லலாம். அவ்வாண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரைத் திரட்டிக்கொண்டு இரண்டு நாட்கள் சைக்கிள் ஓட்டி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கென 10,200 டொலர் சேர்த்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைற்றன் வரையான சைக்கிள் பயணம் இதயநோய் அறக்கட்டளைக்காகத் தொடங்கியது. சுற்றுச்சூழலின் பெயரால் இவ்வாறு பணம் திரட்டுவது சற்றுப் பிந்தி வந்தது. 2008 செப்டெம்பரில் நியூயோர்க்கிலிருந்து வொஷிங்டன் வரை காலநிலை மாற்றத்தை முன்னிறுத்திச் சென்ற சைக்கிள் பயணம் அவ்வகையில் முக்கியமானது. இவற்றின் நடைமுறை எளியது. ஓட்டுபவர் தம் உறவினர், நண்பர், உடன் பணிபுரிபவர் ஆகியோரிடம் சென்று, "நான் இவ்வளவு தூரம் மிதிக்கப்போகிறேன், நீர் எவ்வளவு தருவீர்?" என்று கேட்கிறார். சேர்ந்த தொகை அமைப்புக்குப் போகிறது.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதில் ஒரு பாதி நன்கு பழக்கமானது, மறுபாதி புதியது. பொதுக் காரியத்திற்குப் பணம் சேர்ப்பதில் நம்மவர்கள் எவருக்கும் சளைத்தவர்களல்லர். நாவலர் காலத்துப் பிடியரிசியை எல்லோரும் அறிவர். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைத்து, அதைச் சேர்த்துச் சைவப் பாடசாலையை நடத்தினார்கள். 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் எழுந்த யாழ்ப்பாண வைத்தியசாலையும் ஒரு தரும சங்கத்தின் கையால் உருவானதே. 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குக் களியாட்ட விழாவும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்தி நிதி திரட்டினார்கள். நூலகம் வேண்டும் என்பதற்காக ராட்டினம் சுற்றிய சமூகம் உலகில் வேறு உண்டோ தெரியாது!

உடலை வருத்தி நெடுந்தூரம் செல்வதும் நமக்குப் புதிதன்று. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகக் கதிர்காமம் வரை ஒரு மாதத்திற்கும் மேலாக நடந்துபோகும் அடியார்கள் யுத்தத்திற்கு முன்னரும் இருந்தார்கள், பின்னரும் இருக்கிறார்கள். வழிநெடுகிலும் ஊரவர்கள் அவர்களுக்குச் சோறிடுகிறார்கள். ஆனால் நடப்பவரின் வருத்தம் அவருடைய நேர்த்திக்கானது. சோறிடுபவரின் புண்ணியம் அவருடையது. என் வியர்வைக்கு நீ விலை கொடு, அந்த விலையை மூன்றாமவனுக்குக் கொடுப்போம் என்ற கணக்கு நம் மரபில் இல்லை. அது இங்கு வந்து சேர 2011 ஆகவேண்டியிருந்தது. அதற்கு முன்னர் யாழ்ப்பாணச் சைக்கிளுக்கு வேறொரு வரலாறு நடந்து முடிந்துவிட்டது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டபின் குடாநாட்டிற்குள் மின்சாரம் இல்லை; பெற்றோல், டீசல் இல்லை. சீமெந்து, யூரியா, பற்றறி என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. வீட்டு வாசலில் நின்ற ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சில மண்ணெண்ணெயில் ஓடின. புறப்படுவதற்கு மட்டும் ஓரிரு துளி பெற்றோல், பின்னர் கரும்புகை. மண்ணெண்ணெயும் தங்கம் போலானபோது அவையும் நின்றன. எஞ்சியது சைக்கிள்.

இளைய வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். நோயாளி வைத்தியசாலைக்குப் போனது சைக்கிள் கரியரில். விறகு, கிடுகு, வாழைக்குலை, நெல்மூட்டை யாவும் சந்தைக்கு வந்தது சைக்கிளில். கணவன் மிதிக்க, முன் பாரில் ஒரு பிள்ளை, பின்னே மடியில் இன்னொரு பிள்ளையுடன் மனைவி என்று ஒரு குடும்பம் முழுவதும் ஒரே ராலி அல்லது லுமாலாவில் போகும். பத்திரிகையாளர்களாகிய நாங்கள் செய்தி தேடிப் போனதும் அதிலேதான். அச்சுத்தாள் தீர்ந்து பள்ளிக் கொப்பித் தாளில் அச்சான நாளிதழ்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததும் அதிலேதான். இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசும். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

ரயர், ரியூப் கிடைப்பது அரிது. ஒட்டின்மேல் ஒட்டுப் போட்ட ரியூப்களை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஒரு சமூகத்தை ஓட வைத்த சந்தித் திருத்துநர்களைப் பற்றி யாரும் நூல் எழுதவில்லை.

ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடக்கவேண்டியிருந்தது. 1993 ஜனவரியில் அந்த நீரேரியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். பின்னரும் மக்கள் போனார்கள். கரையேறியதும் வன்னி மண்ணில் மீண்டும் மிதித்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போனபோது சைக்கிள்கள் இருந்தும் ஓட்ட இடமில்லை. சனநெரிசலில் அவற்றை உருட்டிக்கொண்டு நடந்தார்கள். அவற்றின் மேல் முழு வீடும் இருந்தது.

இன்றைய சுற்றுச்சூழல் அகராதியைக் கொண்டு பார்த்தால், அந்த ஐந்து ஆண்டுகளும் யாழ்ப்பாணம் உலகத்திற்கே முன்மாதிரியாக விளங்கியது என்று யாரேனும் எழுதக்கூடும். புகை இல்லை, இயந்திர ஒலி இல்லை, மின்சாரப் பாவனை இல்லை. அப்படி எழுதுபவர் அன்று வெட்டப்பட்ட மரங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் பொருள். அடுப்புக்கு விறகாக மரங்கள் போயின. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகள் போயின. அவற்றைத் தறித்தவர்களில் எந்தத் தரப்புக்கும் விலக்கில்லை. வளர்ந்து பயன்தரப் பல ஆண்டுகள் எடுக்கும் மரம் பனை. எரிபொருளைத் தடுப்பதால் சூழல் காப்பாற்றப்படுவதில்லை. மனிதன் கைக்கெட்டியதை எரிக்கிறான்.

இனி 2011க்கு வருவோம். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்னும் இருவரின் முன்முயற்சியில் 'ட்ரெய்ல்' என்ற பெயரில் ஒரு நடைபயணம் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நிகழ்ந்தது. 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர். நோக்கம், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை. அக்காலத்தில் வடபகுதிப் புற்றுநோயாளர் பலர் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அப்பாலுள்ள மகரகம வரை செல்ல நேர்ந்தது. நோயோடு நானூறு கிலோமீற்றர் போவதென்பது எத்தகைய கொடுமை என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

தெற்கிலிருந்து பெரிய நிறுவனங்களின் ஆதரவுடன் கூட்டமாக நடந்து வருபவர்களை இங்கு ஐயத்துடன் நோக்கியவர்கள் இருந்தார்கள். காணாமற்போனவர்களைத் தேடிக்கொண்டிருந்த மண்ணில், இராணுவம் நிலங்களை விட்டு விலகாத காலத்தில், நல்லெண்ண நடை என்பது எளிதில் காட்சிப்பொருளாகிவிடும். அந்த ஐயத்தில் நியாயம் இருந்தது. எனினும் திரண்ட பணம், ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்க டொலர், தெல்லிப்பழையில் கட்டடமாக நிற்கிறது. அங்கே ஊசி போட்டுக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் சங்கானைக்காரிக்கு அந்த விவாதத்தால் ஆவது ஒன்றுமில்லை. 2016இல் அதே அமைப்பினர் திசையை மாற்றிப் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து, காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினர். இம்முறை வடக்கு வழியனுப்பியது.

நோய்க்குக் கிடைக்கும் இந்தப் பணம் குடாநாட்டின் மண்ணுக்கும் நீருக்கும் கிடைக்குமா? என் அனுபவத்தில் கடினம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நிலம் இது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. அதுவே நம் கிணற்று நீர். மேலே ஊற்றுவது எதுவும் கீழே போய்ச் சேரும்: தோட்டத்து உரமும் மலசலக்குழியும் உட்பட. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பெரிதாக எழுந்தபோது ஊர்வலம் போனோம், உண்ணாவிரதம் இருந்தோம், அறிக்கைகள் விட்டோம். பணம் வந்த வழி வேறு. சுற்றுச்சூழல் அமைப்பொன்றைச் சேர்ந்தவர் தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நன்கொடைப் பயணத்தில் கெடுத்தவரும் ஒரு பதாகை பிடித்து வரலாம். நீதிமன்றத்தில் அது முடியாது. ஆகவே சூழலுக்காகச் சைக்கிள் மிதிக்க எண்ணும் இளைஞர்கள், திரட்டும் தொகையில் ஒரு பகுதியை நீர்ப் பரிசோதனைக்கும் வழக்குச் செலவுக்கும் ஒதுக்கவேண்டும் என்பேன். மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுப்பதை விட இது பலன் தரும். கணக்கை ஊரறிய வெளியிடுவதும் அவசியம். பிடியரிசி கொடுத்த வீட்டுக்குப் பாடசாலை கண்ணெதிரே இருந்தது.

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது யாழ்ப்பாணத்தவர்கள் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றார்கள். 2009க்குப் பின் லீசிங்கில் வந்து குவிந்த மோட்டார் சைக்கிள்கள் மதிலோரம் சாய்ந்தன. கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. புதியவற்றின் விலை எட்டாத உயரத்திற்குப் போயிற்று. ஜூலையில் கியூஆர் முறையில் பங்கீடு தொடங்கி, வரிசைகள் படிப்படியாகக் குறைந்தன. குறைந்ததும் சைக்கிள்கள் மீண்டும் கொட்டிலுக்குப் போயின.